தளம் போடும் நாளில் தண்ணீர்க் கணக்கு

வீடு கட்டுவோர் கேள்வி–பதில். தளக் கான்கிரீட் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

1,000 சதுர அடிக்கு 5 அங்குலக் கனத்தில் தளம் போடப் போகிறோம். பொறியாளர் எம்-20 (கான்கிரீட்டின் வலிமைத் தரம்) என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மேஸ்திரியோ, 'மூட்டைக்கு இத்தனை சட்டி மணல், இத்தனை சட்டி ஜல்லி. தண்ணீர் கண்ணளவு' என்கிறார். சரியாக வருமா? எவ்வளவு பொருள் வாங்க வேண்டும்?
– வாசகர், மணப்பாறை

சட்டிக் கணக்கில் சிக்கல் சட்டியில் இல்லை, அள்ளுகிற கையில் இருக்கிறது. காலையில் தலைதட்டி அள்ளுபவர் மதியம் குவித்து அள்ளுவார். அதனால் ஓர் அளவுப் பெட்டி செய்துவிடுங்கள். உள்ளளவு 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் இருந்தால் 35 லிட்டர் பிடிக்கும். 50 கிலோ சிமென்ட் மூட்டையின் கொள்ளளவும் ஏறக்குறைய அதுதான். கைக்கலவையாக எம்-20 போடுவது 1:1½:3 என்ற விகிதத்தில். எனவே ஒரு மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி எம்-சாண்ட், மூன்று பெட்டி ஜல்லி. தலைதட்டித்தான் அளக்க வேண்டும்.

ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குச் சுமார் 8 மூட்டை பிடிக்கும். உங்கள் தளம் 1,000 சதுர அடி, 5 அங்குலம். அதாவது 417 கன அடி, 11.8 கன மீட்டர். ஆக 95 மூட்டை சிமென்ட், ஒன்றே முக்கால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) எம்-சாண்ட், மூன்றரை யூனிட் ஜல்லி. பீம்களும் சன்ஷேடும் இதில் சேரவில்லை, அவற்றைத் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள். ஈர மணல் உப்பி நிற்கும் என்பதால் மணலில் கால்வாசி கூடுதலாக இருப்பு வையுங்கள்.

எவ்வளவு உப்பியிருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். நேரான கண்ணாடிக் குவளையில் மணலை அழுத்தாமல் 20 செ.மீ. உயரத்துக்குப் போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கிளறிப் படியவிடுங்கள். மணல் மட்டம் 16 செ.மீ.க்கு இறங்கினால் அந்த மணல் 25 சதவீதம் உப்பியிருந்தது என்று பொருள். அன்றைக்கு ஒன்றரைப் பெட்டிக்குப் பதிலாக, கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் பெட்டியும் அதற்கு மேல் கொஞ்சமும் போட வேண்டும்.

இனித் தண்ணீர். மூட்டைக்கு 25 லிட்டர், மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. ஒன்றரைப் பெட்டி மணலின் எடை 80 கிலோ அளவில் இருக்கும். அதில் 5 சதவீதம் ஈரம் இருந்தாலே 4 லிட்டர் ஆகிவிட்டது, நீங்கள் ஊற்ற வேண்டியது 21 லிட்டர்தான். ஓஸை மெஷினுக்குள் விடவே கூடாது. கோடு போட்ட பக்கெட்டில் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். மூட்டைக்கு 5 லிட்டர் கூடினால் வலிமை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். கான்கிரீட் பிடித்துக்கொள்வதற்குச் சிமென்ட் கேட்பது கொஞ்சம் தண்ணீரைத்தான். மிஞ்சியது ஆவியாகிப் போகும்போது விட்டுப்போகிற நுண்துளைகள் அப்படியே நிற்கும். பலம் குறைவதும், மழைக்குக் கசிவதும், கம்பி துருப்பிடிப்பதும் அந்தத் துளைகளால்தான்.

'இவ்வளவு கெட்டியாக இருந்தால் கம்பிக்குள் இறங்காது' என்று மேஸ்திரி சொன்னால் அவரைக் குறை சொல்ல வேண்டாம், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதற்கு மருந்து தண்ணீர் அல்ல, பிளாஸ்டிசைசர் என்ற, கலவையை இளக்கும் திரவம். டப்பாவில் எழுதியிருக்கும் மில்லிலிட்டர் கணக்கில், ஊற்றப்போகும் தண்ணீரிலேயே கலந்துவிட வேண்டும். வைப்ரேட்டரும் கட்டாயம் வேண்டும். இரண்டு ஊசி வையுங்கள். ஒன்று நின்றுபோனால் வேலை நிற்கக் கூடாது.

ரெடிமிக்ஸ் வாங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. குழாய் அடைக்கிறது என்று லாரியிலேயே தண்ணீர் விடுவது எங்கும் நடக்கிற கதை. லாரி வந்ததும் 30 செ.மீ. உயரக் கூம்பில் மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 குத்து குத்தி, கூம்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணமாகக் கொட்டும் தளத்துக்கு 10 செ.மீ. அளவுக்குச் சரிந்தால் நல்லது, பம்ப் வைத்தால் 15 வரை போகலாம். பரவி ஓடினால் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. அதே கலவையில் மூன்று கியூபும் (சோதனைக் கட்டி) எடுத்துத் தண்ணீரில் போட்டு வையுங்கள். 28-ஆம் நாள் 15 செ.மீ. கியூப் ஒன்று சுமார் 46 டன் தாங்கினால்தான் அது எம்-20.

எங்கள் ஊர் கடலோரம். போர் தண்ணீர் கரிக்கிறது. கலவைக்கு மட்டும் நல்ல தண்ணீர் வாங்கி, கியூரிங்குக்கு (போட்ட தளத்தை ஈரமாக வைத்திருக்க) போர் தண்ணீரை விடலாமா?
– வாசகி, வேதாரண்யம்

கூடாது. புதுக் கான்கிரீட் மேலிருந்து உப்பையும் உறிஞ்சும். காய்ந்து நனைந்து காயும்போது உப்பு ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இறங்கிக் கம்பியைத் தேடிப் போகும்.

கையடக்க டி.டி.எஸ். மீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள், அது மொத்த உப்பைத்தான் சொல்லும். ஆய்வகத்தில் குளோரைடும் சல்பேட்டும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு குளோரைடு 500 மி.கி., சல்பேட் 400 மி.கி. தாண்டக் கூடாது, பி.எச். 6-க்குக் கீழே போகக் கூடாது. குளோரைடு 2,000 இருக்கிறது என்று வையுங்கள். கன மீட்டருக்கு 200 லிட்டர் ஊற்றினால் தண்ணீர் வழியாக மட்டுமே 400 கிராம் குளோரைடு உள்ளே போகிறது. சிமென்ட், மணல், ஜல்லி எல்லாவற்றிலும் சேர்த்து அனுமதிக்கும் அளவே 600 கிராம்தான்.

செலவு மிரட்டும் அளவுக்கு இல்லை. 12 கன மீட்டர் தளத்துக்குக் கலவைத் தண்ணீர் 2,400 லிட்டர், ஒரு சிறிய டேங்கரில் முடிந்துவிடும். கியூரிங்குக்குத்தான் அதிகம் போகும். பாத்திகளில் இரண்டு அங்குலம் நிறுத்தினால் 1,000 சதுர அடிக்கு 4,700 லிட்டர், ஆவியாவதை ஈடுகட்ட அவ்வப்போது இன்னும் கொஞ்சம். ஈரச் சாக்கு விரித்து மேலே பாலிதீன் ஷீட் மூடினால் இதில் பெரும்பகுதி மிச்சம்.

உங்கள் ஊருக்கு எம்-20 போதாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். உப்புக் காற்று நேரடியாகப் படாத பாகத்துக்கு எம்-25, 30 மி.மீ. கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்), நேரடியாகப் படும் பாகத்துக்கு எம்-30, 45 மி.மீ. கவர். கவர் பிளாக் இல்லை என்று ஜல்லித் துண்டையோ மரச் சில்லையோ கம்பிக்கு அடியில் செருகினால் நல்ல தண்ணீருக்குச் செலவழித்தது வீண்.

தளம் போட்ட அன்று மாலையே மேலே மெல்லிய வெடிப்புகள். காய்ந்த சிமென்ட்டைத் தூவித் தேய்த்துவிட்டார்கள். பயப்பட வேண்டுமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

வீடு விழுந்துவிடும் வகை வெடிப்பு அல்ல இது. உங்கள் பக்கம் அடிக்கிற காற்றுக்கு, கான்கிரீட் இறுகும் முன்பே மேல்தோல் காய்ந்து சுருங்கிவிடுகிறது. கான்கிரீட் இளகியிருக்கும்போதே கண்டால் மரக் கட்டையால் அழுத்தித் தேய்த்தாலே மூடிக்கொள்ளும். காய்ந்த சிமென்ட் தூவுவது மேலே ஒரு பொருக்கு கட்டும், பின்னால் அது தனியாக உரிந்து வரும். உரியும் இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, தளவரிசை போடும் முன் வெடிப்புகளைச் சிமென்ட் பாலால் நிரப்புங்கள்.

வரும் முன் தடுக்க: தேய்த்து முடித்த பகுதியை உடனுக்குடன் ஷீட்டால் மூடிக்கொண்டே வர வேண்டும். மறுநாள் காலை பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் 10 நாள் குறைந்தபட்சம், 14 நாள் நல்லது. தூண்களுக்குக் காலையும் மாலையும் ஓஸ் அடிப்பது கியூரிங் ஆகாது. சாக்கு சுற்றி, சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏழாம் நாளே தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரித்துவிடலாம் என்கிறார் சென்ட்ரிங்காரர். வாடகை ஏறுகிறது என்கிறார். பெரிய அறை 14 அடி அகலம். முன்பக்கம் 4 அடி பால்கனி வெளியே நீள்கிறது.
– வாசகி, காரைக்குடி

அவர் சொல்வது பாதி சரி. ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லாண்ட்) சிமென்ட்டில் போட்ட, 4.5 மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு விதி 7 நாள்தான். உங்கள் 14 அடி 4.27 மீட்டர். ஆனால் பீமுக்கு அடியில் உள்ள முட்டுக்கு 14 நாள், பீம் 6 மீட்டர் தாண்டினால் 21 நாள். மூட்டையில் பி.பி.சி. என்று போட்டிருந்தால் அது மெதுவாகப் பலம் பிடிக்கிற சிமென்ட். தளத்துக்கு 14, பீமுக்கு 21 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வார வாடகையை மிச்சம் பிடிக்கிற இடம் இது அல்ல.

பிரிக்கும் வரிசையும் முக்கியம். அறைத் தளத்தில் நடுவிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும். பால்கனியில் வெளி முனையிலிருந்து சுவரை நோக்கி. மாற்றிச் செய்தால் தளம் கணக்கில் இல்லாத விதத்தில் வளையும். பால்கனி முட்டுகளை எல்லாவற்றுக்கும் கடைசியாக, அதன் உள்பக்கத் தளமும் மேல் சுவரும் பாரம் கொடுத்த பிறகே எடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் பால்கனி என்றதும் எங்களுக்குக் கவலை வந்துவிட்டது. வெளியே நீளும் தளத்தில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும், ஏனென்றால் இழுபடுவது மேல்பக்கம்தான். கான்கிரீட் கொட்டும்போது சித்தாட்கள் அதன் மேல் மிதித்து நடப்பார்கள், கம்பி அடிக்கு இறங்கிவிடும். 5 அங்குலத் தளத்தில் அது இரண்டு அங்குலம் இறங்கினாலே பால்கனியின் பலம் பாதியாகிவிடும். மேல் கம்பியைத் தாங்கும் கம்பி நாற்காலிகளை இரண்டடிக்கு ஒன்றாக வைத்துக் கட்டி, நடக்கத் தனியாகப் பலகை போடுங்கள். கொட்டும் நேரம் முழுக்க ஒருவர் அங்கேயே நின்று கம்பியைத் தூக்கிவிட வேண்டும். அந்த ஒருவர் வீட்டுக்காரராகவே இருக்கலாம்.

பாதியில் மழை வந்தால் எங்கே நிறுத்துவது?
– வாசகர், தென்காசி

அறையின் நடுப்பகுதியில் நிறுத்துங்கள். பீம் ஓரத்திலும் சுவர் ஓரத்திலும் வேண்டாம். ஓரத்தைச் சரிவாக விடாமல் பலகை வைத்து நேர்குத்தாக முடியுங்கள். மறுபடி தொடங்கும்போது அந்த முகத்தைக் கொத்தி, தூசியைக் கழுவி, சிமென்ட் பால் பூசி, அது காய்வதற்குள் கொட்ட வேண்டும். தேங்கிய மழைத் தண்ணீரைப் புதுக் கலவையோடு சேர்த்துத் தேய்த்துவிடாதீர்கள்.

கடையில் கம்பியைப் பீஸ் கணக்கில் தருகிறார்கள். எடை சரியா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், ஆரணி

விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று: 8 மி.மீ. 4.74 கிலோ, 10 மி.மீ. 7.4, 12 மி.மீ. 10.7, 16 மி.மீ. 19 கிலோ. 8, 10 மி.மீ. கம்பிக்கு 7 சதவீதமும், 12, 16 மி.மீ.க்கு 5 சதவீதமும் ஏறலாம், இறங்கலாம். பத்து பீஸைச் சேர்த்து எடை போடுங்கள், நீளத்தையும் டேப் வைத்துப் பாருங்கள்.