போட்ஸ்வானாக் கிடாவும் மேச்சேரிக் கேள்வியும்

சேலத்தில் விந்தணு உருவாக்கம் பற்றிப் பேசியபோது சீட்டில் வந்த கேள்விகளுக்கு நேரம் போதவில்லை. பதில்கள் இங்கே.

அஸ்தம்பட்டி, பிளஸ் டூ மாணவி: பெண்ணுக்குக் குன்றல் பகுப்பு (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பகுப்பு) கருவிலேயே தொடங்குகிறது. ஆணுக்கு ஏன் பருவ வயது வரை தாமதம்?

தாமதமல்ல, தடை. வைட்டமின் ஏ தரும் ரெட்டினாயிக் அமிலம், இந்தப் பகுப்பைத் தொடங்கிவைக்கும் ஸ்ட்ரா8 மரபணுவைத் தூண்டுகிறது. எலியின் ஆண் கருவிலோ, சிப்26பி1 என்ற நொதி அந்த அமிலத்தைச் சிதைத்துவிடுகிறது. நானோஸ்2 புரதமும் குறுக்கே நிற்கிறது. பிறந்து வளர்ந்தபின் ஸ்ட்ரா8, மெயோசின் என்ற இரு புரதங்களும் சேர்ந்து பகுப்புக்கான மரபணுக்களை இயக்குகின்றன.

மேச்சேரி, ஆடு வளர்ப்பவர்: செம்மறிக் கிடா வெள்ளாட்டோடு சேர்ந்தால் குட்டி பிறக்குமா? அந்தக் குட்டி வளர்ந்து சினைப்படுத்துமா?

இந்தச் சீட்டுதான் எனக்குப் பிடித்தது. கரு பெரும்பாலும் வயிற்றிலேயே அழிந்துவிடும். செம்மறிக்கு 54 குரோமோசோம்கள், வெள்ளாட்டுக்கு 60. ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் அபூர்வமாகப் பிறந்த ஒரு கலப்புக் கிடாவுக்கு 57. அது இரு இனப் பெட்டைகளையும் ஓயாமல் துரத்தியது; ஒன்றுகூடச் சினைப்படவில்லை. கடைசியில் காயடித்துவிட்டார்கள், பாவம்.

இத்தகைய கலப்பு ஆண்கள் பெரும்பாலும் தடுக்கிவிழுவது, குன்றல் பகுப்பில் குரோமோசோம்கள் ஜோடி சேரும் கட்டத்தில்தான். விந்தணுவாகப்போகும் செல், ஸ்போ11 என்ற புரதத்தால் தன் டிஎன்ஏவைத் தானே நூற்றுக்கணக்கான இடங்களில் வெட்டிக்கொள்கிறது. வெட்டிய முனையை டிஎம்சி1, ராட்51 ஆகிய புரதங்கள் பிடித்துக்கொண்டு, தாய்வழிக் குரோமோசோமுக்குத் தந்தைவழி ஜோடியைத் தேடுகின்றன. பால் குரோமோசோம்களான எக்ஸும் ஒய்யும் நுனியில் மட்டுமே ஒத்துப்போவதால் அவற்றை ஒதுக்கிவைத்து, அவற்றின் மரபணுக்கள் இயங்காதபடி வாயடைக்க வேண்டும். ஜோடி சேராமல் போனாலோ, அந்த வாயடைப்பு தவறினாலோ, ஜோடிகள் முழுதாய் ஒட்டியிருக்க வேண்டிய பேக்கிடீன் கட்டத்தில் செல்லே தன்னை மாய்த்துக்கொள்ளும். கோவேறு கழுதைக்கு 63 குரோமோசோம்கள். அங்கும் இதே கதைதான்.

சூரமங்கலம், பெயர் வேண்டாம் என்றவர்: விந்தணுவே இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஒய் குரோமோசோம் சோதனை எழுதியிருக்கிறார்கள். வீண் செலவா?

வீணல்ல. ஒய்யின் நீண்ட கரத்தில், விந்தணு உருவாகத் தேவையான ஏஇசட்எஃப் என்ற பகுதி ஏ, பி, சி என மூன்றாக உள்ளது. ஏ அல்லது பி முழுவதும் இல்லையென்றால் விந்தகத்தைக் கீறித் தேடினாலும் விந்தணு கிடைக்க வாய்ப்பு மிக அரிது. அந்த அறுவையைத் தவிர்க்கலாம். சி மட்டும் இல்லாதவர்களில் பலருக்குக் கிடைக்கிறது. ஆனால் மகன் பிறந்தால் அதே குறை அவனுக்கும் போகும். இதை மனைவியோடு உட்கார்ந்து மருத்துவரிடம் பேசுங்கள்.

ஏற்காடு, தோட்டக் கணக்கர்: மலைக் குளிர் விந்தணுவுக்கு நல்லதாமே?

விந்தகத்துக்கு உடலைவிட 2 முதல் 4 டிகிரி குறைந்த வெப்பம் வேண்டும். அதை உடலே பார்த்துக்கொள்ளும். நீங்கள் கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.