பழைய எடிட்டரா, புதிய எடிட்டரா: முடிவு யாருடையது?

கேள்வி: எங்கள் அமைப்பின் இணையதளம், தளங்களை அமைத்து நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்குகிறது. எங்களில் பலர் பல ஆண்டுகளாக அதன் பழைய எடிட்டரில், அதாவது கட்டுரைகளை எழுதித் திருத்தும் பழைய திரையில், எழுதிப் பழகியவர்கள். தளத்தைப் பராமரிப்பவர் அண்மையில் செய்த மாற்றத்துக்குப் பிறகு, பத்தி, படம் என ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாக்காக அடுக்கும் புதிய 'பிளாக் எடிட்டர்' மட்டுமே திறக்கிறது. பழையதைத் திரும்பக் கேட்டால், அது காலாவதியாகிவிட்டது என்றும், வேண்டுமானால் தனி உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் சொல்கிறார். இது சரிதானா?

பதில்: சரியல்ல. 2018 டிசம்பர் 6 அன்று வெளியான வேர்ட்பிரஸ் 5.0 பதிப்பிலிருந்து பிளாக் எடிட்டர்தான் இயல்பாக வருகிறது. ஆனால் பழைய முறையை விட மனமில்லாதவர்களுக்காக 'கிளாசிக் எடிட்டர்' என்ற பிளகினையும் (தளத்தில் கூடுதலாக நிறுவும் துணை நிரல்) வேர்ட்பிரஸ் குழுவினரே இலவசமாக வழங்கிவருகிறார்கள். இந்தப் பிளகினுக்கு 2021 வரை ஆதரவு உண்டு என்று முதலில் அறிவித்தவர்கள், பிறகு 2022 வரை, அல்லது தேவைப்படும் காலம் வரை என்று அதை நீட்டித்தார்கள். காலாவதிப் பேச்சு அந்தப் பழைய அறிவிப்பிலிருந்து கிளம்பியிருக்கலாம். பிளகினை நிறுவித் தருவதற்கு அவர் கூலி கேட்பது நியாயம். இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு உரிமக் கட்டணம் கேட்பது நியாயமே இல்லை.

நிறுவியவுடன் பழைய எடிட்டர் திரும்பி, புதியது மறைந்துவிடும். பலர் இத்துடன் நின்றுவிடுகிறார்கள். நீங்கள் இன்னும் ஒரு படி செல்லுங்கள். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ரைட்டிங்' பக்கத்தைத் திறந்தால் அங்கே இரண்டு தேர்வுகள் சேர்ந்திருக்கும். எல்லாருக்கும் இயல்பாகத் திறக்க வேண்டிய எடிட்டர் எது என்பது முதலாவது. பயனர்கள் தாங்களாகவே மாற்றிக்கொள்ளலாமா என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு 'ஆம்' என்று கொடுத்துவிட்டால், பதிவுகளின் பட்டியலில் ஒவ்வொரு தலைப்பின் கீழும் கிளாசிக் எடிட்டரில் திருத்த ஓர் இணைப்பும், பிளாக் எடிட்டரில் திருத்த மற்றோர் இணைப்பும் தோன்றும். ஒரு பதிவு கடைசியாக எந்த எடிட்டரில் திருத்தப்பட்டதோ, அடுத்து யார் திறந்தாலும் அதிலேயே திறக்கும். பலர் எழுதும் தளத்துக்கு இந்த ஏற்பாடுதான் மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. பழகியவர்கள் பழையதில் எழுதட்டும், படங்களையும் பத்திகளையும் அடுக்கிப் பக்கம் அமைக்க விரும்புபவர் புதியதைப் பயன்படுத்தட்டும். ஒருவரின் வசதிக்காக மற்றவர் கையைக் கட்டிப்போட வேண்டியதில்லை.

ஆனால் ஒரே பதிவை மாறி மாறி இரண்டிலும் திருத்தாதீர்கள். பழைய பதிவைப் புதிய எடிட்டரில் திறந்தால், உள்ளடக்கம் முழுவதும் 'கிளாசிக்' என்ற ஒரே பிளாக்கில் வந்து நிற்கும். நீங்களாக அதைப் பிளாக்குகளாக மாற்றிச் சேமிக்கும்வரை எதுவும் கெடாது. சிக்கல் எதிர்த்திசையில்தான் வருகிறது. பிளாக் எடிட்டர் ஒவ்வொரு பத்திக்கும் படத்துக்கும் முன்னும் பின்னும், வாசகர் கண்ணில் படாத குறிப்பு வரிகளை, இணையப் பக்கங்களின் குறிமொழியான எச்.டி.எம்.எல். வடிவில் சேர்த்து வைக்கிறது. பழைய எடிட்டரில் திருத்தும்போது அந்த வரிகளோ அவற்றுக்கு இடையிலுள்ள அமைப்போ குலைந்துவிட்டால், அடுத்த முறை பிளாக் எடிட்டர் அந்தப் பிளாக்கின் உள்ளடக்கம் செல்லாதது என்று சொல்லி, மீட்க முயலலாமா என்று கேட்கும். மீட்டாலும் நீங்கள் செய்த வடிவமைப்பு அப்படியே திரும்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

கேள்வி: வேர்ட்பிரஸ்ஸில் புதிதாக ஓர் இணையதளம் செய்து வாங்கவிருக்கிறோம். பிற்பாடு எடிட்டரை நாங்களே தேர்ந்தெடுக்க, இப்போதே எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்?

பதில்: தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீம் எந்த வகை என்பதை முதலில் கேளுங்கள். 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பிலிருந்து, தலைப்பகுதி, அடிப்பகுதி உட்பட முழுத் தளத்தையும் பிளாக்குகளாலேயே அமைக்கும் தீம்கள் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. அவற்றில் பதிவுகளைப் பழைய எடிட்டரில் எழுதலாம்; தளத்தின் வார்ப்புருக்களை, அதாவது பக்கங்களின் பொது அமைப்பை, திருத்தப் பிளாக் முறையைத் தவிர வழியில்லை.

அடுத்து, வேறு நிறுவனத்தின் பேஜ் பில்டர் (பக்கங்களை வடிவமைக்கும் தனிக் கருவி) ஏதேனும் சேர்க்கப்படுகிறதா என்று கேளுங்கள். அவற்றுள் சில உள்ளடக்கத்தைத் தங்களுக்கே உரிய குறியீடுகளில் சேமிப்பதால், உரிமம் முடிந்தோ மனம் மாறியோ அதை நீக்கும் நாளில் பக்கங்களில் வெறும் குறியீடுகளே மிஞ்சக்கூடும். பழையதா புதியதா என்ற தேர்வைவிட இது பெரிய பிடி. ஒரு மாதிரிப் பக்கத்தில் அதை முடக்கிக் காட்டச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேசும் முன் யோசியுங்கள்.

கடைசியாக, தளத்தை முழுமையாக நிர்வகிக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் நிலையிலான கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அதற்குக் கீழான நிலைகளில் கட்டுரைகளை எழுதவும் திருத்தவும் முடியுமே தவிர, பிளகினை நிறுவவோ மேலே சொன்ன 'ரைட்டிங்' பக்கத்தைத் திறக்கவோ முடியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தளம் செய்து கொடுத்தவரையே நாட வேண்டியிருக்கும். இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அந்தக் கணக்கில் நீங்களே உள்நுழைந்து பார்த்த பிறகு இறுதித் தவணையைக் கொடுங்கள்.