பதில்: கசாண்ட்ரா டேட்டாபேஸில் ஒரு நோட் (சேர்வர்) மட்டும் எழும்பவில்லை

நேற்றிரவு கிளிநொச்சியில் கரண்ட் போனதிலிருந்து மூன்று நோட்டில் ஒன்று டிஎன் (விழுந்துவிட்டது) என்று காட்டுகிறது, மூன்றையும் ஒரேயடியாக ரீஸ்டார்ட் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ரெப்ளிகேஷன் 3 (ஒவ்வொரு டேட்டாவுக்கும் மூன்று பிரதி), கோரம் (பெரும்பான்மைப் பிரதிகள் பதில் தந்தால் போதும்) என்றால் மற்ற இரண்டும் வேலையைத் தாங்கும்.

விழுந்த நோட்டில் மட்டும் ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் கசாண்ட்ரா’ கொடுத்துவிட்டு லாகைப் பாருங்கள். கமிட்லாகை (எழுதியவற்றின் பதிவை) திரும்ப ஓட்டி முடிக்க நேரம் எடுக்கும். பொறுமையில்லாமல் நடுவில் நிறுத்திவிடாதீர்கள். வவுனியாவில் ஒரு மாரி மின்வெட்டின்போது நான் செய்த மொக்கு வேலை அது.

‘நோட்டூல் ஸ்டேட்டஸ்’ யுஎன் (இயங்குகிறது) என்று காட்டினாலும் முடிந்தது என்று விடாதீர்கள். செட்டிங்கை மாற்றாவிட்டால் ஹின்ட் (விழுந்த நோட்டுக்காக மற்றவை சேர்த்து வைக்கும் எழுத்துகள்) 3 மணித்தியாலத்துக்குத்தான் சேரும். இரவு முழுக்கக் கிடந்த நோட்டுக்கு முழு ‘நோட்டூல் ரிப்பேர்’ (பிரதிகளை ஒப்பிட்டுச் சரிசெய்வது) கட்டாயம். அப்புறம், மற்றவற்றையும் ரீஸ்டார்ட் செய்ய நேர்ந்தால் ஒவ்வொன்றாக: ‘நோட்டூல் டிரெயின்’ (மெமரியில் உள்ளதை டிஸ்க்கில் எழுதி முடிப்பது), ரீஸ்டார்ட், யுஎன் வந்த பின்தான் அடுத்தது.