ஐந்தில் ஓடும் மோட்டாருக்குக் காயில் கட்டாதீர்கள்

கேள்வி: முட்டுக்காடு கழிமுகத்தில் கயாக் கவிழ்ந்து, 12 வோல்ட் படகு மோட்டார், வேகக் கைப்பிடி இருக்கும் தலைப்பகுதியோடு சேர்ந்து உப்புநீரில் மூழ்கிவிட்டது. வெயிலில் காயவைத்து ஓட்டிப் பார்த்தேன். முன்னோக்கி வேகம் 1 முதல் 4 வரை அசைவே இல்லை. 5-இல் மட்டும் முழுவேகத்தில் ஓடுகிறது. காயில் போய்விட்டது, கட்ட வேண்டும் என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: வேண்டாம். 5-இல் முழுவேகத்தில் ஓடுகிறது என்றால் ஆர்மேச்சரில் (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) காயில் எரியவில்லை.

குழப்பமே ‘காயில்’ என்ற சொல்லில்தான். பம்புசெட் மெக்கானிக்குக் காயில் என்றால் மோட்டாருக்குள் சுற்றிய செம்புக்கம்பி. ஐந்து வேகப் படகு மோட்டாரில் அதே பெயரில் இன்னொன்றும் இருக்கிறது. அது வேகத்தைக் குறைப்பதற்கான தடைக்கம்பி. 1 முதல் 4 வரை மின்சாரம் அதன் வழியாகப் போகும், 5-இல் அதைத் தொடாமல் நேராகப் போகும். அதனால் பழுது தடைக்கம்பியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் தலைப்பகுதிச் சுவிட்சில். இரண்டுக்குமே காயில் கட்டும் வேலை கிடையாது. மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்பே ‘காயில் கட்டணும்’ என்று விலை பேசுகிறவரிடம் அதை விட்டுவிட்டு வராதீர்கள்.

முதலில் பேட்டரி இணைப்பை எடுங்கள். வெயிலில் தண்ணீர்தான் போகும், உப்பு உள்ளேயே நிற்கும். காற்றின் ஈரத்தில் அது மறுபடி நசநசக்கும். அதில் மின்சாரம் பாய்ந்தால் செம்பு அரித்துப்போகும். தலைப்பகுதி மூடியைத் திறந்து, போட்டோ எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் காயவிடுங்கள். ஹீட் கன் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

காய்ந்ததும் ரிவர்ஸில் குறைந்த வேகத்தில் சில நொடி ஓட்டிப் பாருங்கள். ரிவர்ஸுக்கும் அதே தடைக்கம்பிதான். மெதுவாகப் பின்னோக்கி ஓடினால் கம்பி நன்றாக இருக்கிறது, சுவிட்ச்தான் கெட்டிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் பித்தளைத் தொடுமுனைகளில் பச்சைக் களிம்பு தெரியும். சுரண்டினால் கொஞ்ச நாள் ஓடும், மாற்றிவிடுவதே நல்லது.

ரிவர்ஸும் ஓடவில்லையா? புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரை இறுகப் பிடித்து வையுங்கள். சுவிட்சிலிருந்து கீழே போகும் வயர்களைப் பிரியுங்கள். பெரும்பாலும் நான்கு இருக்கும். எது நெகட்டிவ் என்பதை வயரிங் படத்தில் பாருங்கள், நிறத்தை வைத்து ஊகிக்காதீர்கள். அதைப் பேட்டரி நெகட்டிவில் இணையுங்கள். பேட்டரி பாசிட்டிவில் 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, அந்த முனையால் மற்ற வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நொடி போதும், தண்ணீரில்லாமல் அதிகம் ஓடினால் சீல் (தண்டு வழியே தண்ணீர் புகாமல் தடுக்கும் வளையம்) தேயும். எல்லாவற்றிலும் ஓடினால் சுவிட்ச் பழுது. ஒன்றில் மட்டும் ஓடினால் தடைக்கம்பி அறுந்திருக்கிறது. பல மாடல்களில் அது கார்பன் பிரஷ் தட்டோடு சேர்ந்து ஒரே பாகமாக வரும்.

வேகத்தைத் திருகித் திருகிக் கூட்டும் மாடலுக்கு இது பொருந்தாது. அதில் தடைக்கம்பிக்குப் பதில் மின்னணு போர்டு இருக்கும்.

வயர்கள் பிரிந்திருக்கும்போதே, பேட்டரியை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை அதிகபட்ச ஓமில் வைத்து, ஒரு முனையை வயரிலும் மறுமுனையைப் புரொப்பெல்லர் தண்டின் வெறும் உலோகத்திலும் வையுங்கள். எந்த எண்ணும் காட்டக் கூடாது. காட்டினால் கீழ்க்கூட்டுக்குள், அதாவது மோட்டார் இருக்கும் அடிப்பாகத்துக்குள், தண்ணீர் போயிருக்கலாம். திறந்துதான் ஆக வேண்டும். திறந்தால் ஓ-ரிங்கையும் (மூடிக்கான ரப்பர் வளையம்) தண்டு சீலையும் புதிதாகப் போடுங்கள். பழையதையே போட்டு மூடிக் கொடுப்பது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். ஆர்மேச்சரின் செம்பு வளையத்தை எமரித் தாளால் தேய்க்க விடாதீர்கள். அதன் துகள் மின்சாரம் கடத்தும். மெல்லிய மணல்தாள் போதும்.

சுவிட்சையும் சீலையும் தேடிப் போனால், ‘தனியாக வராது, தலையையே வாங்குங்கள்’ என்பார்கள். தண்ணீரில் இறக்குவதற்கென்றே விற்கும் மோட்டாருக்கு ஒரு சீல்கூடக் கையிருப்பில் வைக்க மாட்டார்கள். வாரண்டி கேட்டால் ‘தண்ணீர் புகுந்தது’ என்று கைவிரிப்பார்கள். பாக எண்ணைக் கையேட்டில் பார்த்து எழுத்தில் கேளுங்கள். தலையை மாற்றச் சொன்னால் காரணத்தையும் எழுதி வாங்குங்கள்.

பேட்டரியும் மூழ்கியதா என்று நீங்கள் சொல்லவில்லை. லித்தியம் என்றால் கவனம். வோல்டேஜ் சரியாகக் காட்டினாலும் சார்ஜ் போடாதீர்கள். உப்புநீர் உள்ளே போயிருந்தால் செல்களுக்கிடையே மெல்ல ஷார்ட் ஆகி, நாட்கள் கழித்தும் தீப்பிடிக்கலாம். ‘திறந்து காயவைத்தால் சரியாகிவிடும்’ என்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். வீட்டுக்குள்ளும் மாடிப்படி அடியிலும் வைக்காமல், எரியும் பொருள் அருகில் இல்லாத திறந்த வெளியில் வையுங்கள். மோட்டார் சரியானாலும் அந்தப் பேட்டரியை அதில் மாட்டக் கூடாது.

கடைசியாகப் பேட்டரி வயர். நுனியில் ஒரு அங்குலம் உறையைச் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் பளிச்சென்று தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஓர் அடி கடந்தும் கறுப்பாகவே இருந்தால் முழு வயரையும் மாற்றிவிடுங்கள்.