ஆத்தங்குடி நோட்டை விட்டுவிடாதீர்கள்

தம்பி, ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் டைல்ஸ், செய்யும் பட்டறைகளில் ஆர்டர் வாட்ஸ்அப்பில் வந்தாலும் கணக்கு நோட்டில்தான் ஓடுகிறது, அதை ஆராய ஆசை, ஆனால் நெறியாளர் 'மொபைல் பேமெண்ட் பற்றிக் கேள்வித்தாள் கொடு, சீக்கிரம் முடியும்' என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நோட்டையே எடுங்கள்.

ஃப்ரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1989இல் பயன், எளிமை என்ற இரண்டை வைத்துத் தொழில்நுட்ப ஏற்பை, அதாவது ஒரு புதுக் கருவியை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதை, விளக்கியது அன்றைக்குப் புதுசு. செயலியின் பெயரை மட்டும் மாற்றி அதே கேள்விகளை இன்னும் எத்தனை பேர் கேட்பது? கண்ணாடி மேல் அச்சு வைத்துச் சாயம் ஊற்றுகிறவர் சிமெண்ட் கையோடு போனைத் தொடுவாரா என்பதை எந்தக் கேள்வித்தாளும் பிடிக்காது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். இந்த நோட்டுக் கணக்குக்கு நம் ஊரில் வேரும் இருக்கிறது: ரங்கூன், மலாயாக் கடைகளை நகரத்தார் இங்கிருந்தே, ஏஜெண்டு அனுப்பிய கணக்கையும் கடிதத்தையும் வைத்து நடத்தினார்கள், கணினிக்கு முந்திய தகவல் அமைப்புதானே அது!

நெறியாளரிடம் சண்டை வேண்டாம். ஒரே பட்டறையில் ஒரு மாதம் இருந்து, ஒரு ஆர்டர் போட்டோவாக வந்து லாரி ஏறும்வரை யார் எங்கே எதை எழுதுகிறார், எது தவறிப்போகிறது என்று குறித்து, இரண்டு பக்கமாகக் கையில் கொடுங்கள். அப்புறம், பட்டறைக்காரரிடம் முதலிலேயே அனுமதி வாங்கிவிடுங்கள், அந்த நோட்டில் அடுத்தவர் பாக்கியெல்லாம் இருக்கும்.