கடலூரிலிருந்து சி.எஸ்.எஸ்.டி. டெக்னீஷியன் படிப்புக்கு எப்படி விண்ணப்பிப்பது? சேரும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: தங்கை பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு முடித்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி ஸ்டெரிலைஸ் செய்யும் சி.எஸ்.எஸ்.டி. வேலைக்குப் படிக்க ஆசை. வீடு கடலூர் முதுநகர். இங்கேயோ புதுச்சேரியிலோ எங்கே விண்ணப்பிக்கலாம்?

பதில்:

"சி.எஸ்.எஸ்.டி." (ஆஸ்பத்திரியின் மத்திய ஸ்டெரிலைசேஷன் பிரிவு) என்ற பெயரை மட்டும் போட்டு அட்மிஷன் அறிவிப்பைத் தேடினால் அதிகம் சிக்காது. நம் பக்கம் இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி பி.எஸ்சி. படித்தவர்களோ, ஓராண்டு தியேட்டர் டெக்னீஷியன் சான்றிதழ் வாங்கியவர்களோதான் வருகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் சில தாங்களே ஆளெடுத்துப் பழக்கிக்கொள்வதும் உண்டு. ஆகவே தேட வேண்டிய பெயர் "தியேட்டர்". கருவிச் சுத்திகரிப்பு அந்தப் பாடத்திட்டத்துக்குள்ளேயே வரும்.

தமிழ்நாடு அரசு வழி: சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுதான் பாராமெடிக்கல் பட்டப் படிப்புகளுக்குக் கலந்தாய்வு நடத்துகிறது. விண்ணப்பம் ஆன்லைனில். பட்டப் படிப்புக்கு ஒரு அறிவிப்பும் ஓராண்டு சான்றிதழ் படிப்புகளுக்கு வேறொரு அறிவிப்பும் வரும். முதலாவதில் விண்ணப்பித்துவிட்டு இரண்டாவதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் ஏராளம். எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்புக்கு எத்தனை இடம் என்பது தகவல் கையேட்டின் பின்பக்க அட்டவணையில் இருக்கும். உங்களுக்குப் பக்கம் சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருக்கும் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி (பழைய ராஜா முத்தையா), அடுத்தது விழுப்புரம் முண்டியம்பாக்கம். அட்டவணையைப் பார்த்துவிட்டு விருப்ப வரிசையை முடிவு செய்யுங்கள்.

புதுச்சேரி வழியில்தான் கடலூர்க்காரர்கள் ஏமாந்து போவது அதிகம். வீட்டிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம் என்றாலும், அங்கே அரசு ஒதுக்கீட்டு இடங்களை நிரப்பும் சென்டாக் என்ற சேர்க்கைக் குழுவின் கண்ணுக்குத் தங்கை வெளிமாநில மாணவிதான். அதற்குக் கேட்கும் புதுச்சேரி குடியிருப்புச் சான்று உங்களிடம் இருக்காது. இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு: பாகூர், அரியாங்குப்பம் பக்கப் பிள்ளைகள் சிலர் தமிழ்நாடு பாடத்திட்டத்தில் எழுதி, தமிழ்நாடு அரசு முத்திரை போட்ட மதிப்பெண் பட்டியலை வைத்திருப்பார்கள். அந்த முத்திரையால் அவர்கள் தமிழ்நாட்டு இருப்பிடத்தார் ஆகிவிட மாட்டார்கள்.

உங்களுக்குத் திறந்திருப்பவை தனியார் இடங்கள். கடலூர் சாலையிலேயே பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மருத்துவக் கல்லூரி வளாகங்கள் இருக்கின்றன. அலைட் ஹெல்த் (பாராமெடிக்கல்) படிப்புகளுக்கு அங்கே நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஜிப்மர் கதை தனி. அங்கே அலைட் ஹெல்த் பி.எஸ்சி. இடங்களுக்கு நீட் மதிப்பெண் வேண்டும். தங்கை நீட் எழுதியிருந்தால் மட்டும் அந்தப் பக்கம் பாருங்கள்.

தகுதி சுலபம்: பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருப்பது. சிக்கல் வருவது சான்றிதழ்களில்தான். நம் ஊர் இன்ஷியல் பிரச்சினை முதலாவது. மதிப்பெண் பட்டியலில் "கவிதா எஸ்", ஆதாரில் "செல்வம் கவிதா" என்றிருந்தால் சரிபார்ப்பில் நிற்கும். விண்ணப்பத்தில் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே பெயரைப் போட்டுவிட்டு, ஆதாரை இப்போதே திருத்தக் கொடுங்கள். இரண்டாவது சாதிச் சான்று. தாசில்தார் கொடுத்த பி.சி., எம்.பி.சி. அட்டை தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்குப் போதும். ஜிப்மர் போன்ற மத்திய நிறுவனத்துக்கு மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும். அது தேதி பார்த்து ஏற்கப்படும், பழையது செல்லாது. பட்டப் படிப்பு என்றால் வீட்டில் யாரும் பட்டதாரி இல்லாத பட்சத்தில் முதல் பட்டதாரி சான்றையும் சேர்த்து இ-சேவையில் போட்டுவிடுங்கள். விண்ணப்பம் திறந்த பிறகு போட்டால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று சுற்றி வருவதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்தக் கல்லூரியின் சி.எஸ்.எஸ்.டி.யை நேரில் பார்க்கக் கேளுங்கள். ஊரில் மாடி வாடகைக்கு எடுத்து "பாராமெடிக்கல் இன்ஸ்டிடியூட்" போர்டு மாட்டியிருப்பவர்களும் இந்தப் பாடத்தைச் சொல்லித் தருவதாகச் சொல்வார்கள். ஒரு மூலையில் சின்ன ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமி நீக்கும் மிஷின்) இருக்கும், அதற்குப் பவர் கனெக்‌ஷன்கூட இருக்காது. எந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு, பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், தினமும் அங்கே எத்தனை ஆபரேஷன் நடக்கிறது என்ற மூன்றையும் கேளுங்கள். அலைட் ஹெல்த் துறைக்கு 2021-இல் தேசிய ஆணையச் சட்டம் வந்துவிட்டது. அங்கீகாரம் இல்லாத சான்றிதழுக்கு இனி மதிப்பு குறையுமே தவிரக் கூடாது.

உள்ளே விட்டால் கவனிக்க வேண்டியவை. அழுக்குப் பகுதி, பேக்கிங் பகுதி, ஸ்டெரைல் ஸ்டோர் (கிருமி நீக்கிய பேக்குகளை வைக்கும் அறை) மூன்றும் தனித்தனியாக, கருவி ஒரே திசையில் நகரும்படி இருக்க வேண்டும். கழுவும் இடத்தையும் பேக் செய்யும் இடத்தையும் ஒரே ஆள் ஒரே ஏப்ரனோடு மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தால், அங்கே தங்கை தவறான பழக்கத்தைத்தான் கற்றுக்கொள்வார். அடுத்து, இன்று காலை போட்ட போவி-டிக் தாளைக் (ஆட்டோகிளேவிலிருந்து காற்று முழுக்க வெளியேறுகிறதா என்று காட்டும் சோதனைத் தாள்) காட்டச் சொல்லுங்கள். காற்றை முதலில் உறிஞ்சி எடுக்கும் ப்ரீ-வேக்குவம் ஆட்டோகிளேவில் தினமும் முதல் லோடுக்கு முன், காலி சேம்பரில், கீழ்த் தட்டில் வடிகால் துளைக்கு மேலே அந்த டெஸ்ட் பேக்கை வைத்து 134 டிகிரியில் மூன்றரை நிமிடம் ஓட்டுவார்கள். வெளியே எடுத்துப் பிரித்தால் தாள் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே அளவாக நிறம் மாறியிருக்க வேண்டும். நடுவில் வெளுப்பாக ஒரு திட்டு நின்றால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். அன்று அந்த மிஷினில் லோடு போடக் கூடாது. தேதி, கையெழுத்தோடு இந்தத் தாள்கள் கோப்பில் வரிசையாக இருந்தால் நல்ல இடம். கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால் வேறு இடம் பாருங்கள்.

காற்று ஏன் இவ்வளவு முக்கியம் என்பது வேலை இன்டர்வியூவிலும் வரும். குக்கரில் ஆவி நன்றாக வந்த பிறகுதானே வெயிட் போடுகிறோம், அதே காரணம்தான். காற்று இருக்கும் இடத்தில் நீராவி பொருளின் மேல் படாது. படாத இடத்துக்குச் சூடு போய்ச் சேராது. இதையொட்டிய கேள்வி: 134 டிகிரியில் 3 நிமிடமும் 121 டிகிரியில் 15 நிமிடமும் போதும் என்கிறார்களே, அப்புறம் ஏன் ஒரு லோடு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் எடுக்கிறது? அந்த நிமிடங்கள் சூடு எட்டிய பிறகு அதே சூட்டில் நிறுத்தி வைக்கும் நேரம் மட்டுமே. அதற்கு முன் காற்றை உறிஞ்சி எடுப்பது, பின்னால் உலர்த்துவது எல்லாம் சேர்த்துத்தான் மொத்த நேரம். இதைப் புரிந்து சொல்லும் பிள்ளையை எந்தப் பேனலும் எடுத்துக்கொள்ளும்.

இன்னும் கேட்கக் கூடியவை: பேக்கில் ஒட்டிய இண்டிகேட்டர் டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டால் உள்ளே இருப்பது ஸ்டெரைலா? இல்லை. அந்தப் பேக் ஆட்டோகிளேவுக்குள் போய் வந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. கிருமி செத்ததைக் காட்டுவது பயலாஜிக்கல் இண்டிகேட்டர். அதில் சோதனைக்கு வைக்கும் கிருமி, நீராவிக்கு ஜியோபேசிலஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ், ஈ.டி.ஓ. (எத்திலீன் ஆக்சைடு) வாயுவுக்கு பேசிலஸ் அட்ரோஃபியஸ். ஹைட்ரஜன் பெராக்சைடால் கிருமி நீக்கும் பிளாஸ்மா மிஷினில் பருத்தித் துணியோ காகிதமோ ஏன் போடக் கூடாது? அவை அந்தப் பெராக்சைடை உறிஞ்சிவிடும், சைக்கிள் பாதியில் நின்றுவிடும்.

கழுவும் பகுதிதான் இந்தப் படிப்பின் உயிர். அழுக்கு ஒட்டியிருக்கும் கருவியை எத்தனை முறை ஆட்டோகிளேவில் போட்டாலும் அது ஸ்டெரைல் ஆகாது. ரத்தம் படிந்த கருவியைக் கொதிநீரில் போட்டால் புரதம் உறைந்து இடுக்கில் இறுகிவிடும். 45 டிகிரிக்குக் கீழேதான் தண்ணீர் இருக்க வேண்டும். என்சைம் கரைசலுக்கு லேபிளில் லிட்டருக்கு 5 மில்லி என்று போட்டிருந்தால் 8 லிட்டர் தொட்டிக்கு 40 மில்லி. கண்ணால் அளந்து ஊற்றுகிற பழக்கம் பல இடத்தில் உண்டு. குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் அலசிப் போகாது. ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் (ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கி) ஒன்றைக் கையில் கொடுத்தால் தங்கை முதலில் அதன் பூட்டைத் திறந்து, இரண்டு தாடையும் சேரும் கணுவைத்தான் பார்க்க வேண்டும். ரத்தம் தங்குவதும் துரு தொடங்குவதும் அங்கேதான். சந்தேகமான பழுப்புப் புள்ளி இருந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பாருங்கள். போய்விட்டு அடியில் உலோகம் வழவழப்பாக இருந்தால் கறை. குழி தெரிந்தால் அரிப்பு, கருவியைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

அந்தக் குழிக்குப் பெரும்பாலும் காரணம் தியேட்டரிலேயே சலைனிலோ (உப்புக் கரைசல்) ஹைப்போகுளோரைட்டிலோ (பிளீச்) ஊற வைப்பது. இரண்டிலும் இருக்கும் குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தின்னும். கடலோர ஊர் என்பதால் நமக்கு இன்னொரு தொல்லை, தண்ணீர். உப்பேறிய போர் தண்ணீரில் கடைசி அலசல் செய்தால் கருவி காய்ந்ததும் வெள்ளைப் பூப்பூத்து நிற்கும். ஆகவே கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. அல்லது டி.எம். (தாது நீக்கிய) தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஸ்டெரைல் ஸ்டோர் இன்னும் சிரமம். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அறை 24 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சூடாக இறக்கிய பேக்கைக் குளிர்ந்த ஸ்டீல் மேஜையில் வைத்தால் அடியில் வியர்த்து நனைந்துவிடும். நனைந்த பேக் ஸ்டெரைல் இல்லை, முழு செட்டையும் பிரித்து மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

வேலையின் கஷ்டத்தையும் தங்கை தெரிந்துகொள்ளட்டும். ஒரு கருவி செட் 10, 11 கிலோ வரை இருக்கும், அதை நாள் முழுக்கத் தூக்கி இறக்க வேண்டும். கழுவும் பகுதியில் கனத்த கையுறை, ஃபேஸ் ஷீல்டு, நீர் புகாத கவுனோடு நிற்க வேண்டும். நைட் ஷிஃப்ட் உண்டு. நிறக்குருடு இருக்கிறதா என்று முன்கூட்டியே பரிசோதித்துவிடுவது நல்லது. இண்டிகேட்டர் படிப்பது முழுக்க நிறத்தை வைத்துத்தான். நோயாளியோடு பேசும் வேலை வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு இது ஒத்து வராது, யாரும் பார்க்காத இடத்தில் அலுக்காமல் ஒரே வேலையைச் சரியாகச் செய்பவருக்கு நன்றாக ஒத்து வரும்.

வெளிநாட்டு எண்ணம் இருந்தால் முதல் நாளிலிருந்தே லாக் புக் எழுதச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஸ்டெரிலைசேஷன் டெக்னீஷியன்களுக்குக் கொடுக்கும் சி.ஆர்.சி.எஸ்.டி. சான்றுக்குத் தேர்வோடு 400 மணி நேர நேரடிப் பயிற்சி காட்ட வேண்டும். கழுவல், பேக்கிங், ஸ்டெரிலைசேஷன், ஸ்டோர் என்று பகுதிவாரியாக மணிக்கணக்கை எழுதி, அந்தந்த வாரமே இன்சார்ஜிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். படிப்பு முடிந்து போய்க் கேட்டால் இன்சார்ஜ் மாறியிருப்பார்.

கடைசியாக ஒன்று, இதை விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்கலாம்: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. குழந்தையில் போட்டிருந்தால் அட்டையைத் தேடி எடுங்கள், இல்லையென்றால் இந்த வாரமே முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள். மூன்றாவதற்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டி ஹெச்.பி.எஸ். டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவு) பார்த்து 10-க்கு மேல் இருந்தால் அந்த ரிப்போர்ட்டை மெடிக்கல் ஃபிட்னஸோடு சேர்த்து வையுங்கள். கூர்மையான கருவிகளோடு பழகப் போகிறவர் இது இல்லாமல் கழுவும் பகுதிக்குள் கால் வைக்கக் கூடாது, கல்லூரி கேட்காவிட்டாலும் சரி.