பூங்கா கருத்துக் கேட்பு: படிவத்துக்கு ஏன் பதில் வரவில்லை?

பூங்காவில் என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டு, குடியிருப்போர் அசோசியேஷனின் வாட்ஸ்அப் குழுவில் படிவம் அனுப்பியும் பதில் வரவில்லையா? படிவத்தை விட்டுவிட்டு, பூங்கா வாசலிலேயே ஒரு சார்ட் பேப்பரை ஒட்டி, பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். 120 வீட்டு வாட்ஸ்அப் குழுவில் 9 பேர்தான் பதில் போட்டார்கள் என்றால், பூங்காவுக்கு வருகிறவர்கள் அந்தக் குழுவில் இல்லை என்பதே காரணமாக இருக்கும். பேரனைக் கூட்டிவரும் பாட்டி, பந்து விளையாடும் பையன்கள் எல்லாம் அசோசியேஷன் குழுவில் ஏது?

ஒரு வேலைநாளும் ஒரு ஞாயிறும், காலை 6 மணிக்கும் மாலை 5 மணிக்கும் அரை மணி நேரம் உட்கார்ந்து யார் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அப்புறம், "என்ன வேண்டும்?" என்று கேட்டால் எல்லோரும் ஜிம் என்பார்கள். "எந்த மூலைக்குப் போக மாட்டீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். எங்கள் பூங்காவில் ஒரு மூலையில் விளக்கு எரியவில்லை என்று தெரிய வந்தது அப்படித்தான்.

பூங்கா மாநகராட்சியுடையது என்றால் பட்டியலை வார்டு கவுன்சிலரிடமும் வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்திலும் மனுவாகக் கொடுங்கள். அதுவரை, "செய்து தருகிறோம்" என்று யாருக்கும் வாக்குறுதி கொடுத்துவிடாதீர்கள்.